மூன்று பைசாவும் முனிகிருஷ்ணனின் அறுபதும்

வயசைக் கேட்டால் கிடாரைக் காட்டுகிற மனுஷனோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள், என் பாடு அப்போது புரியும். என் வீட்டுக்காரர் பெயர் முனிகிருஷ்ணன். நகரியில் விசைத்தறி மேஸ்திரி. எந்தக் கொட்டகையில் தறி மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முகூர்த்த நாள், ஜாத்திரை என்றால் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிடார் வாசிப்பார். புத்தூர், கார்வேட்டிநகரம், திருப்பதி என்று இந்தப் பக்கம் அவர் வாசிக்காத கல்யாண மண்டபம் கிடையாது. ஆனால் அவர் முகம் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. பாடுகிறவளைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு தடித்த கம்பியைத் தடவிக்கொண்டு நிற்கிறவரை யார் பார்ப்பது? ஒருமுறை பாட்டு நடுவில் அவருடைய ஒயர் கழன்றுகொண்டது. பாட்டு சப்பென்று ஆகிவிட்டது. என்ன குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் சோறு தின்றுகொண்டிருந்தவன்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவருக்குக் கிடைத்த புகழ் அவ்வளவுதான்.

மேடையில் ஆட்களை அறிமுகம் செய்யும்போது மைக்கை அவர் பக்கம் நீட்டினால் ஒரே வசனம்தான் வரும். "எனக்கும் இந்தக் கிடாருக்கும் ஒரே வயசுங்க." ஜனங்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊர் விஜயபுரத்தில், தீமிதித் திருவிழாக் கச்சேரியில், நானும் அப்படித்தான் சிரித்தேன். சிரித்ததற்குத் தண்டனையாக முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் நெல்லும் வேர்க்கடலையும் வைக்கிற குடும்பம். அவர்கள் தறிக்காரர்கள். என் நைனா செங்கல்வராயனுக்கு விஷயம் தெரிந்ததும் வீடே கிடுகிடுத்தது. "கட்டையைத் தட்டிக்கினு ஊர் ஊராப் போறவனுக்கு எம் பொண்ணா? வெட்டிப் போட்டுடுவேன்" என்றார். நான் யாருக்குப் பிறந்தவள்? அவருடைய கோபம் அப்படியே எனக்கும் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்த் திருத்தணியில் ரெண்டு மாலை, ஒரு மஞ்சள் கயிறு என்று கல்யாணத்தை முடித்துக்கொண்டேன். என் பக்கத்திலிருந்து ஒரு ஈ, காக்கை இல்லை.

மறுநாள் நைனா மண்வெட்டிக் காம்போடு நகரிக்கு வந்துவிட்டார். அப்போதுதான் கச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையில் கிடார். நைனா ஓங்கினார், இவர் கிடாரைக் குறுக்கே தூக்கினார். மண்டையில் விழவேண்டிய அடி மரத்தில் விழுந்தது. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து தெறித்தது. நைனா அந்தச் சில்லையே பார்த்தார். அப்புறம் காம்பை வீசிவிட்டுப் போனவர்தான். அம்மா செத்தபோது நான் போய் நின்றேன். அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அன்றைக்கு அம்மாவுக்காக அழுததைவிட அவருக்காகத்தான் அதிகம் அழுதேன்.

இந்தச் சித்திரையில் என் தம்பி போன் பண்ணினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"அக்கா, நைனா கேக்கறாரு. மாமாவுக்கு அறுவது எப்பன்னு."

"எந்த நைனா?"

"நமக்கு எத்தினி நைனா கீறாங்க? அறுவதாங் கல்யாணம் வெச்சா வர்றேன்றாரு. சீக்கிரம் வெச்சிக்கோ. திருப்பதி டாக்டர் அவரு நெஞ்சைப் பார்த்துட்டு, அடுத்த வருசம்லாம் கணக்குப் போடாதீங்கன்னுட்டாரு."

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைக்காமலே உட்கார்ந்துவிட்டேன். சாம்பார் தீய்ந்து போயிற்று. எனக்குப் பட்டுப் புடவையில் ஆசை இல்லை, நகையில் ஆசை இல்லை. என் கழுத்தில் தாலி ஏறுவதை என்னைப் பெற்றவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் குறை, அது தீர இந்த ஒரு வழிதான் இருந்தது.

அறுபதாம் கல்யாணம் என்றால் நினைத்த நாளில் வைத்துவிட முடியாது. நம் வருஷங்களின் பேர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். பிறந்த வருஷத்தின் பேர் மறுபடி வரும்போது, பிறந்த மாசத்தில், பிறந்த நட்சத்திரத்தில் வைக்க வேண்டும். மாசத்திலும் நட்சத்திரத்திலும் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. என் மாமியார் செங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். "அந்தக் கட்டை வூட்டுக்குள்ள வந்த வாரமே ஆடிக் கிருத்திகை. காவடிங்க எல்லாம் திருத்தணிக்குப் போய்க்கினு கீது, இவன் பொறந்துட்டான்."

அந்தக் கட்டை என்றது கிடாரைத்தான். என் மாமனார் லுங்கி மூட்டையை ரயிலில் ஏற்றி அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் விற்று வருவார். அங்கே ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு. கப்பலில் வேலை செய்த அவர் தம்பி அமெரிக்காவிலிருந்து ஒரு கிடார் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாளில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பியபோது, லுங்கிக்காரருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று அதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாமனாருக்கு அதை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆணியில் மாட்டி வைத்தார். ஊரில் சிலர் அதைப் பெரிய வீணை என்றார்களாம்.

மாசம், நட்சத்திரம் ஆயிற்று. வருஷம்? பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் 1965 ஜூன் ஒன்று என்று இருக்கிறது. ஜூனை விட்டுத் தள்ளுங்கள். அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்களுக்கு உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ஜூன் மாசத்தில்தான் பிறந்தார்கள். வருஷத்தை மட்டும் நாங்கள் நம்பினோம். அறுபத்தைந்து விசுவாவசு வருஷம், இப்போது நடப்பதும் விசுவாவசு. ஆடிக் கிருத்திகை அன்றைக்கு வைத்துவிடலாம் என்று தம்பிக்குச் சொல்லிவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். திருப்பதியில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் என் மகள் யாமினிக்கு ஒரு யோசனை வந்தது. மண்டப வாசலில் வைக்கிற ஃப்ளெக்ஸில் அப்பா ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம், நடுவில் "1965" என்று பெரிதாகப் போட வேண்டுமாம். அதற்கு முன்னால் கிடாரைச் சுத்தம் பண்ண வேண்டுமாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அது இதுதான்.

வைகாசியில் மூன்று பேருமாகக் கிடாரைத் தூக்கிக்கொண்டு திருப்பதி அன்னமய்யா சர்க்கிள் பக்கத்துச் சந்தில் இருக்கிற கிஷோரின் கடைக்குப் போனோம். கிஷோர் கிடார் ரிப்பேர் செய்கிற பையன். தெலுங்குக்காரன், தமிழும் நன்றாகப் பேசுவான். உறையைத் திறந்ததும் அவன் கண் அகலமாகிவிட்டது. நடுவில் தேன் நிறம், ஓரத்தில் கறுப்பு. தலையில் இருந்த கம்பெனிப் பேர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. யாமினி ஃப்ளெக்ஸ் விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணா, இது நிஜமா அறுபத்தஞ்சா?"

"எனக்கும் அதுக்கும் ஒரே வயசு" என்றார் இவர், வழக்கம்போல.

"ஃப்ளெக்ஸ்ல போடறதுக்கு முன்னாடி ஒருக்கா செக் பண்ணிடலாம் அண்ணா. விஷயம் தெரிஞ்சவன் எவனாவது பார்த்தா சிரிப்பான். பின்னாடி பிளேட்ல நம்பர் இருக்கும், ரெண்டே நிமிஷம்."

திருப்பினான். நம்பர் இருக்க வேண்டிய உலோகத் தகடு கண்ணாடி மாதிரி பளபளத்தது. டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்து அடித்துப் பார்த்தான். ஒரு கோடுகூட இல்லை.

"யாரு அக்கா இத்த இப்படித் தேய்ச்சது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தறிக்காரர் வீட்டில் ஆயுத பூஜை என்றால் ஒரு ஸ்பேனரைக்கூட விடமாட்டார்கள். என் மாமியார் தறிச் சாமான்களோடு சேர்த்து அந்தத் தகட்டையும் வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்து, மூன்று குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டியிருக்கிறார். நம்பர் எல்லாம் புளியோடு போய்விட்டது. சொன்னேன். கிஷோர் தலையில் கை வைத்துக்கொண்டு "அய்யோ ராமா" என்றான்.

பிறகு ஓரத்தில் பெயர்ந்திருந்த சில்லைத் தொட்டுப் பார்த்தான். "இது கீழ விழுந்ததா? பூசி மறைச்சிடட்டுமா?"

"அது எந்த வருசம், எந்த நாள்னு எனக்குத் தெரியும். அத்த தொடாத" என்றேன். யாமினி வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்து முன்பக்கம் குமிழ்கள் இருக்கிற தகட்டைக் கழற்றினான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்கு அடியில் சின்ன வட்ட டப்பா மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் வரிசையாக எண்கள் அடித்திருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தான்.

"முதல்ல வர்றது இந்தச் சாமானைச் செஞ்ச கம்பெனியோட நம்பர். அடுத்தது வருஷம். அறுபத்தஞ்சு."

"நான் சொல்லல?" என்று நான் குதித்தேன். "புளி போட்டுத் தேய்ச்சாலும் உண்மை போவுமா?"

"இருங்க அக்கா. கடைசி ரெண்டு நம்பர் வாரம். நாப்பத்தொண்ணு. அப்படின்னா அக்டோபர்ல செஞ்சது. இத்த வாங்கி மாட்டின கிடார் அதுக்கப்புறம்தான் ஆகியிருக்கும்."

எனக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது? ஆடி ஆகஸ்டு நடுவில் முடிந்துவிடும். அக்டோபர் என்றால் புரட்டாசி. புரட்டாசியில் அமெரிக்காவில் செய்த சாமான் அதே வருஷம் ஆடியில் நகரி வீட்டு ஆணியில் எப்படித் தொங்கும்? கிடார் வந்த வாரத்தில் இவர் பிறந்திருந்தால், அறுபத்தைந்து ஆடியில் இவர் பிறக்கவே இல்லை.

"யாராவது மாத்தியிருப்பாங்க" என்றேன்.

"ஈயம் வெச்சது வெச்சபடி இருக்கு அக்கா. கையே படல."

"கம்பெனிக்காரன் தப்பா அடிச்சிருப்பான். அவன் மட்டும் இன்னா, அரிச்சந்திரனா?"

"அம்மா, அவரு மேல ஏம்மா எரிஞ்சு விழற?" என்றாள் யாமினி.

இவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டார். கை காதோடு நிற்கவில்லை, தாடை வரைக்கும் போயிற்று.

அந்தக் கதையை நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். பிறந்த தேதி யாருக்கும் தெரியாத காலம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனால், தலைக்கு மேல் கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் அஞ்சு வயசு முடிந்தது. இவருக்குப் பிறவியிலேயே கை நீளம். அந்தக் கை நீளத்தால்தான் அவ்வளவு பெரிய கிடாரைச் சின்ன வயசிலேயே எட்டிப் பிடித்தார். ஹெட்மாஸ்டர் பார்த்திருக்கிறார், காதென்ன, கன்னத்தையே தொடுகிறான் பையன், வயசு தாராளமாக ஆகியிருக்கும் என்று எழுதிவிட்டார். வயசை எழுதவில்லை பாவி, கையை எழுதியிருக்கிறார்.

ஆனாலும் நான் விடவில்லை. "மாமியார் மாத்திச் சொல்லியிருப்பாங்க. புள்ள முன்னாடி பொறந்திருப்பான், கிடார் அப்பால வந்திருக்கும். கிடாரு வூட்டுக்கு எப்ப வந்திச்சின்னு இதுல தெரியுமா?"

"தெரியாது அக்கா. இது ஃபேக்டரி கணக்குதான். வீட்டுக் கணக்கு இதுல இருக்காது" என்றான் கிஷோர்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். சர்டிபிகேட் சர்டிபிகேட்டாகவே இருக்கட்டும், அறுபத்தைந்துதான் என்று முடிவு கட்டினேன். கிஷோர் சுத்தம் பண்ணுவதற்காகக் கிடாரின் கழுத்தை உடம்போடு பிடித்திருந்த நாலு திருகாணிகளையும் கழற்றினான். கழுத்தைத் தூக்கினான். குழியிலிருந்து ஏதோ டிங்கென்று மேஜையில் விழுந்தது.

அறுகோணமாக ஒரு மூணு பைசா. அலுமினியக் காசு. புத்தம் புதுசு, சிங்கத்தின் முகம்கூடத் தேயவில்லை. அதைச் சுற்றிக் கறுப்புக் கயிறு ஒன்று இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது.

"கம்பியைத் தட்டினா கூடவே கிர்ர்னு ஒரு சத்தம் வருதே, அதுக்கு இதுதான் காரணம்" என்று கிஷோர் சிரித்தான். "யாரோ கழுத்தைத் தூக்கி வைக்கறதுக்குச் சொருகியிருக்காங்க. 1966னு போட்டிருக்கு. இதுல ஒண்ணும் தெரியாது அக்கா, காசை எப்ப வேணா யாரு வேணா சொருகலாம்."

அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். யாமினி பிறந்தபோது எங்கள் வீட்டில் முதல் விசைத்தறி இறக்கினோம். தறியின் காலை நிறுத்துவதற்கு முன்னால் மாமனார் அந்த வருஷம் அச்சடித்த, கை படாத புதுக் காசு ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். குழந்தைக்கு முதன்முதலாகக் கட்டிய அரைஞாண் கயிற்றில் மிச்சமிருந்த துண்டை அதில் சுற்றினார். குழியில் போட்டு அதன்மேல் தறிக் காலை நிறுத்தினார். "வூட்ல புள்ள பொறந்த வருசம் வர்ற சாமானுக்கு இப்படிப் பண்ணணும். புள்ளயும் அதுவும் சேர்ந்து சம்பாரிக்கும்" என்றார். இது அந்த வீட்டு வழக்கம். பிள்ளை பிறக்காத வருஷத்தில் தறி வந்தால் காசு மட்டும்தான், கயிறு கிடையாது.

வாசிக்கத் தெரியாத கிடாரை அந்த மனுஷன் தறி என்றே நினைத்திருக்கிறார். தறி ஸ்பேனரால் கழற்றி, காசைப் போட்டு, கயிற்றைச் சுற்றி, மறுபடி முடுக்கியிருக்கிறார். மகனிடம்கூடச் சொல்லவில்லை. அறுபத்தாறு ஆடி. பராபவ வருஷம். இவருக்கு அறுபது முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

இவர் காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏதோ பழைய காசு. தூக்கிப் போடு" என்றேன்.

"எடுத்துட்டா சத்தம் சுத்தமா வரும்" என்றான் கிஷோர்.

"வேணாம் தம்பி" என்றார் இவர். "இருந்த எடத்துலயே வெச்சி முடுக்கிடு."

யாமினியை அவள் ஆபீசில் இறக்கிவிட்டு நாங்கள் நகரி பஸ் ஏறினோம். புத்தூர் தாண்டுகிற வரைக்கும் அடக்கி வைத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"எவனுக்கும் தெரியாது. அந்தப் பையனுக்கே தெரியல. சர்டிபிகேட் கீது. இந்த ஆடியிலயே பண்ணிடலாம்."

"உன் இஷ்டம்."

"உன் இஷ்டம், உன் இஷ்டம்! வேற பேச்சே தெரியாதாய்யா உனக்கு? கம்பியத் தட்டித் தட்டி உன் வாயும் கட்டையாப் பூட்ச்சா?" பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். "ஒரு வருசம் தள்ளிப் போட்டா எங்க நைனா இருப்பாரா? சொல்லு!"

இவர் கிடாரை மடியில் சரிப்படுத்திக்கொண்டார். "உங்க நைனா வர்றதுக்கோசரம் எனக்கு எழுவதுன்னு சொன்னாக்கூட ஒத்துக்கறேன் சுந்தரி. எனக்கு இன்னா நஷ்டம்? ஆனா ஒண்ணு. பொய் சொல்லி இட்டாந்து உக்கார வெச்சிட்டு, அவரு மூஞ்சிய நீ நிமிர்ந்து பாப்பியா? அவரு மூஞ்சியப் பாக்கத்தான இத்தினியும்?"

வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாயைத் திறப்பார், திறந்தால் இப்படித்தான். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நகரி வருகிற வரைக்கும் அழுதேன். இது போதாதென்று இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. காலத்துக்கு முந்தி அறுபது வைத்தால் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். அந்த மனுஷனை வைத்து விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் அவருடைய ஸ்கூட்டரிலேயே விஜயபுரம் போனோம். நைனா வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீ போய்ட்டு வா, நான் இங்கியே கீறேன்" என்றார். நான் மட்டும் உள்ளே போனேன்.

நைனா ஃபேனுக்குக் கீழே கட்டிலில் சாய்ந்திருந்தார். மண்வெட்டிக் காம்பு பிடித்த கை, இப்போது தண்ணீர்ச் செம்பைத் தூக்கவே நடுங்கியது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த வேலையே மறந்துவிடும் போலிருந்தது. உட்காராமலே சொல்லிவிட்டேன்.

"நைனா, அவருக்கு இன்னும் அறுவது ஆவல. இன்னும் ஒரு வருசம் கீது. நேத்துதான் தெரிஞ்சிச்சி."

"அது எப்படிறீ நேத்து தெரியும்? நேத்தா பொறந்தான்?"

புளி போட்டுத் தேய்த்த தகட்டிலிருந்து மூணு பைசா வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புக் கயிற்றைச் சொல்லும்போது கண்ணை மூடிக் கேட்டார்.

"எந்தக் கட்டை? நான் அடிச்சனே, அதுவா?"

"அதேதான்."

"இன்னும் அத்தயே வெச்சிக்கினு கீறானா?" என்றார். மூச்சு வாங்கினார். "அப்ப இந்த ஆடியில வெக்கக் கூடாது. காலம் வராத பண்ணா அவனுக்கு ஆவாது. அடுத்த வருசமே ஒழுங்காப் பண்ணு."

அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடிச்சா?" என்றார் திடீரென்று.

கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று பயந்துபோனேன். "இன்னா நைனா இப்படிக் கேக்கற? எம் பொண்ணே வேலைக்குப் போறா."

"நான் தாரை வார்த்துக் குடுத்தனா?"

"இல்ல."

"அப்ப ஆவல" என்றார். செம்பை எடுத்து ரெண்டு மடக்கு குடித்தார். "அறுவது அவனுக்கு வர்றப்ப வரட்டும். பெத்தவன் நான் பண்ண வேண்டிய கல்யாணம் ஒண்ணு பாக்கி நிக்கிது. அதுக்கு எவனும் வயசு பாக்கத் தேவல. ஆனா ஆடியில கல்யாணம் எவனாவது வெப்பானா? இந்த ஆனியிலயே நாள் பாக்கச் சொல்லு உன் தம்பிய."

ஆடிக்கே தாங்குமோ தாங்காதோ என்று நெஞ்சு பதறிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு மாசம் முன்னாலேயே நாள் வந்துவிட்டது.

"யாரு கூட வந்த?"

"அவரு கூடத்தான். புளியமரத்தாண்ட நிக்கிறாரு."

"வெயில்ல ஏன் நிக்கிறான்? உள்ள வரச் சொல்லு" என்றார் நைனா.

ஆனியில் விஜயபுரத்தில், எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. யாமினி அடித்த ஃப்ளெக்ஸில் "முனிகிருஷ்ணன் – சுந்தரி திருமணம்" என்று மட்டும் இருந்தது. நரைத்த மாப்பிள்ளையையும் பல் போன பெண்ணையும் பார்த்துவிட்டு, "அறுவதாங் கல்யாணம்னு போடறதுக்கு மறந்துட்டாங்களா?" என்று கேட்டவர்கள் ரொம்பப் பேர். "இல்ல, இது மொதக் கல்யாணம்தான்" என்று யாமினி ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லி அலுத்துப்போனாள். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கிடாரை அவர்கள் பந்தல் ஓரத்தில் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

நைனாவை நாலு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். நாற்காலியைத் தாண்டும்போது நின்றார். குனிந்து, அந்தச் சில்லு பெயர்ந்த இடத்தில் கட்டை விரலை வைத்துப் பார்த்தார். "பூசக்கூட இல்லியா?" என்றார்.

மணையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து இவர் கையில் வைத்தார். தம்பி செம்பைப் பிடித்துக்கொள்ள, நைனா தண்ணீரை வார்த்தார். நடுக்கத்தில் பாதித் தண்ணீர் என் புடவையில் கொட்டியது. ஐயர் மந்திரம் முடிக்கிறவரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் பண்ணிய மனுஷனைப் பார்த்து, புது மாப்பிள்ளையிடம் சொல்கிற மாதிரியே சொன்னார்.

"கோவக்காரி. செல்லமா வளர்த்துட்டேன். பத்திரமா பாத்துக்கப்பா."

"சரிங்க மாமா" என்றார் இவர்.

மூச்சுக்கு முன்னூறு தரம் வாயாடுகிற நான், அன்றைக்குப் புதுப் பெண் மாதிரி ஈரப் புடவையோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.